குட்டிக்குக் குறித்த தேதி

ஆறு மாதத்தில் குட்டியின் எடை முப்பத்திரண்டு கிலோ. வீட்டுக்கு வந்த அன்று அந்த நாய் மடியில் அடங்கியதால் அந்தப் பெயர் வந்தது. இப்போது நின்றால் அதன் முகவாய் சாப்பாட்டு மேஜையின் மேலேயே தங்கிவிடும். பிளேட்டை நகர்த்திவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனாலும் பெயரை மாற்ற அந்த வீட்டில் இருவருக்கும் மனம் வரவில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட வேலை. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டுக்கு எந்த நாளில் கயிறு மாற்ற வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். தேதி தவறுவது அவருக்குப் பிடிக்காது. குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று முடிவானதுமே காலண்டரில் பதினெட்டாம் தேதியைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டு, லீவும் சொல்லிவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாமனார் வீட்டில் முன்பு ஒரு பெண் நாய் இருந்தது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றே ஏழு வருடம் ஓடியது. கடைசியில் கர்ப்பப்பையில் சீழ் கோத்து, இவர் வண்டியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் பின் சீட்டிலேயே உயிர் போனது. அந்த சீட் உறையை அவர்தான் கழற்றித் துவைத்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

ஆபரேஷனுக்கு நாள் சொல்லிவிட்டு வரலாம் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு குட்டியோடு போனார். கால்நடை டாக்டர் ஓர் அம்மாள். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, குட்டியைத் தரையோடு இருந்த எடைமேடையில் ஏற்றினார்.

"பதினெட்டாம் தேதி எனக்கு லீவு டாக்டர். அன்னிக்கே முடிச்சிடலாம்."

"லீவு உங்களுக்குத்தானே சார். இவளுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கே."

டாக்டர் குட்டியின் பின்னங்காலைப் படம் எடுத்துத் திரையில் காட்டினார். வெள்ளை எலும்புகள். முழங்காலுக்குப் பக்கத்தில், எலும்பின் நுனியை வெட்டி வைத்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு.

மெக்கானிக் பதறிப்போனார். "விரிசலா?"

"விரிசல் இல்ல. இந்தக் கோட்டுலதான் இவ வளர்றா. எலும்பு நடுவுல நீள்றதில்ல சார், இந்த இடத்துலதான் புதுசு புதுசாச் சேரும். வளர்ந்தது போதும்னு உடம்புக்குள்ள இருந்து சேதி வந்தா இது மூடிக்கும். அந்தச் சேதியில ஒரு பங்கு கருப்பையோட இருக்கிற சினைப்பையிலிருந்து வருது. இப்பவே அதை எடுத்துட்டா கோடு மூட லேட்டாகும். கால் கணக்குக்கு மேல நீண்டுடும். மூட்டுக்கு நல்லதில்ல. சின்ன ஜாதி நாய்னா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன்."

"அப்ப காத்திருந்தா ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டாள் மனைவி.

"அப்படிச் சொல்ல மாட்டேம்மா. ஒவ்வொரு தடவை பருவம் வந்துபோகும்போதும் மடியில கட்டி வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும். சார் பயப்படுற சீழும் உண்டு. ரெண்டு தட்டுலயும் எடை இருக்கு. இவ சைஸுக்கு ஒன்றரை வயசு பக்கம்னு நான் சொல்வேன். முடிவு உங்களோடது."

மெக்கானிக் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் குட்டி கொட்டாவி விட்டுக்கொண்டு படுத்திருந்தது. இந்த நிமிடமும் அந்தக் கோட்டில் அது வளர்ந்துகொண்டிருக்கிறது, சத்தமில்லாமல், யாரும் பட்டனை அழுத்தாமல். போனை எடுத்து, அனுமதி கேட்டு, திரையைப் படம் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தார். மனைவி தெருமுனைக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினால் எடுத்து வைத்துவிட்டு வேறு தேய்க்கும் ரகம்.

"நீ என்ன சொல்ற?" என்றார் அவர்.

"தடியால அடிச்சாப் பழம் பழுக்குமா? ஆனா உங்க பயமும் பொய்யில்ல. எங்க வீட்டு நாய்தானே அது." போனை வாங்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, "காத்திருப்போம். ஆனா எங்கப்பா மாதிரி இல்ல. கண்ணத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருப்போம்" என்றாள்.

சிவப்பு வட்டத்தை அவர் அடித்தார். வேறு தேதி எதையும் எழுதவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை தேதியில்லாமல் காலண்டரில் தொங்கியது.

பதினோராவது மாதத்தில் குட்டி பருவத்துக்கு வந்தது. கூடத்துத் தரையில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்ததுமே மெக்கானிக் கேட்டுக்குப் புதுப்பூட்டு வாங்கி மாட்டினார். ஆனால் மூக்கில் வேர்த்தாற்போல் மூன்று தெரு ஆண் நாய்கள் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்று பூனை உயரம். மற்றவை அலுத்துப் போன பிறகும் அது ஒன்பது நாள் கேட்டின் முன்னால் தவம் கிடந்தது.

"மாப்பிள்ளைக்கு ஆசை இருக்கு. ஏணிதான் இல்ல" என்றாள் மனைவி.

மூன்று வாரம் மெக்கானிக் கண்கொத்திப் பாம்பாக இருந்தார். தோல்வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் வெளியே கூட்டிப்போவார். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. இனி ஒரு மூன்று நாலு மாதம் விட்டு, எலும்பைப் பார்த்து, ஆபரேஷன் என்று டாக்டரும் சொன்னார்.

ஒன்பது வாரம் கழிந்திருக்கும். குட்டி சரியாகச் சாப்பிடவில்லை. சோபாவுக்குப் பின்னால் போர்வையை இழுத்துப்போய்ச் சுருட்டி, முன்னங்காலால் பிறாண்டிப் பள்ளமாக்கி அதில் படுத்துக்கொண்டது. மெக்கானிக்கின் வேலைக் கையுறைகள் இரண்டும் காணாமல் போயின. தேடியபோது இரண்டும் குட்டியின் வயிற்றோடு அணைந்து கிடந்தன. கிரீஸ் படிந்த பழைய தோல் கையுறைகள். குட்டி அவற்றை நக்கி நக்கிப் பளபளப்பாக்கி வைத்திருந்தது. ஒன்றை எடுக்கக் கை நீட்டினார். குட்டி உறுமவில்லை. அவர் கையை மூக்கால் மெல்லத் தள்ளிவிட்டது.

மனைவி குனிந்து அதன் மடியைத் தடவினாள். விரலில் ஈரம். முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, பாலுங்க."

அவர் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். "பூட்டு பூட்டியே இருந்ததே."

டாக்டர் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "உள்ளே யாரும் இல்ல சார். பூட்டு நல்ல பூட்டுதான். இது பொய்க் கர்ப்பம். பருவம் முடிஞ்சா, குட்டி இருக்கோ இல்லியோ, உடம்பு தன் பாட்டுக்கு நாள் கணக்கு வச்சுக்கும். கணக்குப்படி இப்ப பிரசவ நேரம். அதான் பால்."

"அப்ப ஆபரேஷன்?"

"இப்ப கூடாது. பால் இருக்கிறப்ப எடுத்தா இந்த நிலைமை இழுத்துக்கிட்டே போகலாம். மடியைத் தொடாதீங்க, கையுறைய எடுத்து ஒளிச்சு வைங்க. மூணு வாரத்துல வத்திடும்."

கையுறைகளை ஒளிப்பதற்கு இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. நாளைக்கு என்று தள்ளினார்கள். "அப்பா மாதிரி இல்லைனு சொன்னேன்" என்று மனைவி தன்னையே குத்திக்காட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை டாக்டரே போன் செய்தார். வண்டியில் அடிபட்டு ஒரு தெரு நாய் இறந்துவிட்டது. பிறந்து பத்து நாளான அதன் நாலு குட்டிகளை யாரோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பாட்டிலில் சரியாகக் குடிப்பதில்லை.

"நேத்து பாலை வத்த வைக்கச் சொன்னவளே நான்தான். இன்னைக்கு நானே கேக்கிறேன். இவ ஏத்துக்காமலும் போகலாம். ஒரு கடி போதும், தாங்காது. ஏத்துக்கிட்டா ஆபரேஷன் இன்னும் ரெண்டு மாசம் தள்ளும். வேண்டாம்னாலும் தப்பில்ல சார்."

மெக்கானிக் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள் ஏற்கெனவே கடைக்கு லீவு சொல்லச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டரே பெட்டியோடு வந்தார். முதலில் குட்டியின் போர்வையின் ஒரு துண்டால் அந்த நாலையும் துடைத்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. இரண்டின் கண்கள் இன்னும் திறக்கவில்லை. மெக்கானிக் குட்டியின் கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கயிறு அறுந்தால் லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாடையை நினைத்துக்கொண்டார். அதுபோலப் பிடித்தார். டாக்டர் ஒரு குட்டியை மட்டும் எடுத்து, போர்வையின் ஓரத்தில் வைத்தார்.

அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

குட்டியின் உடல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியதை அவர் விரல்கள் உணர்ந்தன. பெரிய தலை தாழ்ந்தது. அந்த வாய்க்குள் அந்தச் சின்னது முழுசாகவே போய்விடும். அவர் பட்டையை இன்னும் இறுக்கினார். குட்டி அதை முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டி, தலையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் நக்கியது. அந்த வேகத்தில் அந்தச் சின்னது உருண்டது. உருண்டதைக் குட்டி மூக்கால் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது.

"பட்டையை விடுங்க சார்" என்றார் டாக்டர், தாழ்ந்த குரலில்.

விட்டார். ஐம்பது கிலோ உடம்பு. எங்கே படுத்தாலும் தடாலென்று விழும் வழக்கமுள்ளது. அது இப்போது முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை ஒவ்வொன்றாக இழுத்து, இடுப்பை அங்குலம் அங்குலமாக இறக்கிப் படுத்தது. கையுறைகளை அதுவே காலால் ஒதுக்கிவிட்டது. டாக்டர் மற்ற மூன்றையும் வைத்தார். கண் திறக்காத இரண்டும்தான் முதலில் மடியைக் கண்டுபிடித்தன.

பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று பெரியவர்களும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தானே இன்னும் வளர்ந்து முடியாத ஒரு பிள்ளை, ஆணைத் தொடாத ஒரு பிள்ளை, யார் பெற்றதற்கோ பால் கொடுத்துக்கொண்டிருந்தது. யார் இதற்குக் கற்றுக்கொடுத்தார்கள்? மெக்கானிக்குக் கை கூப்பத் தோன்றியது. கூச்சமாக இருந்ததால் முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"இல்லாத குட்டிக்குப் பால்னு நெனச்சோம்" என்றாள் மனைவி. அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

அடுத்த ஐந்து வாரமும் வீட்டில் குழப்பம்தான். "குட்டி எங்கே?" என்று ஒருவர் கேட்டால் "எந்தக் குட்டி?" என்று மற்றவர் கேட்க வேண்டியிருந்தது. நாலும் கொழுத்தன. பல் முளைத்துக் கடிக்கத் தொடங்கியதும் குட்டியே பாதியில் எழுந்து விலகிப்போகப் பழகிக்கொண்டது. நாலுக்கும் நல்ல வீடு கிடைத்தது. ஒன்றைக் கண்ணாடிக் கடை முதலாளியே எடுத்துக்கொண்டார். கடைசிக் குட்டி போன அன்று குட்டி வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. திரும்பி வந்து மெக்கானிக்கின் கட்டிலில் ஏறி, குறுக்காகப் படுத்துத் தூங்கியது. இவர்கள் இருவருக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

குட்டிக்குப் பதினேழு மாதம் முடிந்தபோது பால் முழுக்க வற்றியிருந்தது. மறுபடி எலும்பைப் படம் எடுத்தார்கள். டாக்டர் எதுவும் சொல்லுமுன் மெக்கானிக் திரைக்கு அருகில் போய்த் தேடினார். கறுப்புக் கோடு இருந்த இடத்தில் நிழல்போல ஒரு தழும்பு மட்டும் இருந்தது.

"மூடிக்கிச்சு" என்றார் அவர்.

"மூடிக்கிச்சு. அடுத்த பருவம் வர்றதுக்குள்ள செஞ்சிடலாம். நீங்களே நாள் சொல்லுங்க சார்."

"நீங்க சொல்லுங்க டாக்டர்" என்றார் அவர். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டென்று அதையும் வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். வெளியே பெஞ்சில் இருந்த மெக்கானிக் மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மனைவி செய்தாள்.

டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றதும் அவர் ஒன்று கேட்டார். "எடுத்ததைப் பாக்கலாமா?"

ஸ்டீல் தட்டில் இருந்தது. பென்சில் கனத்தில் கவட்டைபோல் பிரிந்த குழாய். சீழில்லை, வீக்கமில்லை, சுத்தமான இளஞ்சிவப்பு. இரண்டு நுனியிலும் சின்னத் திராட்சை அளவில் ஒவ்வொரு உருண்டை.

"இவ்வளவுதானா?" என்றார். மூன்று தெரு நாய்களை வாசலுக்கு வரவழைத்தது இதுதான். எலும்புக்குப் போதும் என்று சேதி சொன்னது இது. நாள் கணக்கு வைத்து, கையுறைக்கும் அநாதைக்கும் பால் சுரக்க வைத்ததும் இதுவே. தட்டில் ஒரு கைப்பிடிகூட இல்லை.

"இவ்வளவுதான் சார். நான் ஆயிரம் பாத்திருப்பேன். எனக்கும் இன்னும் பழகல" என்றார் டாக்டர்.

தையல் பிரித்து இரண்டு வாரம் ஆனதும், ஓட விடலாம் என்று உத்தரவு கிடைத்தது. ஞாயிறு காலை குட்டியை ஊருக்கு வெளியே இருந்த காலி மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். தோல்வாரைக் கழற்றியதும் அது ஒரு கணம் அவர்களைப் பார்த்தது. பிறகு ஓடியது. நாலு காலும் தரையை விட்டு எழும்பின, மறுபடி தொட்டன, மறுபடி எழும்பின. எந்தக் காலிலும் இழுப்பில்லை. மைதானத்தின் மறுகோடியில் அது விரலளவாகத் தெரிந்தது.

"கூப்பிடுங்க, ரொம்ப தூரம் போயிட்டா" என்றாள் மனைவி.

"இரு, இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்றார் அவர்.