கிழக்குப் பக்கம் இறங்கவும்

ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கவும், தவறி மேற்குப் பக்கம் இறங்கிவிட்டால் மூட்டை முடிச்சோடு மறுபடி ஏற வேண்டியிருக்கும்... இதை எழுதுவது இருபத்தெட்டாவது தடவை, அருள்மேரிக்குக் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது, பேனாவை வைத்துவிட்டு விரலை உதறிக்கொண்டாள், இன்னும் பதினான்கு கார்டு பாக்கி, நாலு மணிக்குள் முடித்தாக வேண்டும், தெருமுனைத் தபால் பெட்டியை நாலு மணிக்குத் திறந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இன்றைக்கு நாலு மணிக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்திருக்க வேண்டும்? சந்தன நிறப் பட்டு கட்டி, தலையில் நெட் முக்காடு வைத்து, கோயிலுக்குப் போகும் கார் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று ஆகஸ்ட் இருபத்தாறு, திங்கட்கிழமை, மாலை நாலரை மணிக்குத் திருமணம் என்று நாற்பத்திரண்டு வீட்டுக்கு அழைப்பிதழ் அனுப்பி, அப்புறம் அந்தத் தேதியில் இல்லை என்று அதே நாற்பத்திரண்டு வீட்டுக்குக் கார்டு போட்டு, இப்போது மூன்றாவது தேதிக்கு இந்தக் கார்டு. லீவை மட்டும் அவள் ரத்து செய்யவில்லை, சூப்பரிண்டெண்ட் எதிரில் போய் நின்று, சார், இந்தத் தடவையும் கல்யாணம் இல்லை சார் என்று சொல்லத் தெம்பில்லை, வேலைக்குத் திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம். தன் கல்யாணத்துக்கு எடுத்த லீவில் உட்கார்ந்து தன் கல்யாணம் தள்ளிப்போனதை எழுதுகிற பெண் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் வேறு யாராவது இருப்பாளா... இருந்தால் அவளோடு ஒரு காபி குடிக்கலாம்.

முதல் தேதி ஜனவரி இருபத்தொன்று, அதற்கு நாலு நாள் முன்னால் குவைத்தில் சண்டை மூண்டது, மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை ஏசுபாதத்தால் வர முடியவில்லை, அது யாருடைய குற்றமும் இல்லை, ஊர் முழுக்க உச்சுக் கொட்டியது, கோயிலில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து முடித்திருந்தார்கள், சேலையூர் அருள்மேரிக்கும் பீர்க்கன்கரணை ஏசுபாதத்துக்கும் திருமணம், தடை உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்று சாமியார் மூன்று வாரமும் கேட்டார், யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. ஆறு மாதம் தாண்டினால் அந்த ஓலை செல்லாதாம், மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டுமாம். இரண்டாவது தேதி தள்ளிப்போகக் காரணம் கம்பெனியில் புது கான்ட்ராக்ட், அதற்கு ஊர் உச்சுக் கொட்டவில்லை, தெருவில் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இரண்டு தடவையும் வருகிறவர்களுக்கென்று வழிக்குறிப்பு ஒன்று அடித்தாள், ஆபீஸ் மெஷினில் ஸ்டென்சில் வெட்டி, யாரும் பார்க்காதபோது உருட்டி எடுத்தது. தெற்கிலிருந்து வருபவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்திலேயே இறங்கவும், வண்டி அதிக நேரம் நிற்காது, வண்டலூர் வந்ததுமே பெட்டியை வாசற்படிப் பக்கம் வைத்துக்கொள்ளவும், ஆட்டோக்காரர் சொல்வதில் பாதிக்குக் கேட்கவும், கேம்ப் ரோடு பஸ் என்று கேட்டு ஏறவும், மெடிக்கல் ஷாப் எதிரில் உள்ள சந்தில் மூன்றாவது வீடு, குழாய்த் தண்ணீர் உப்பு, குடிக்கத் தனியாக வைத்திருக்கிறோம், வெந்நீர் காலை ஆறு மணிவரை... முதல் குறிப்பை அடித்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, ஸ்டேஷனையும் பாலத்தையும் படம் வேறு போட்டு, பாலத்தின் மேல் ஒரு காக்கையையும் உட்கார வைத்தாள். இரண்டாவது குறிப்பில் காக்கை இல்லை. இது மூன்றாவது, மறுபடி ஆபீஸ் மெஷினைத் தொட வெட்கமாக இருந்தது, அதனால் கையால் எழுதுகிறாள், படமே இல்லை.

உள்ளே அம்மா படுத்திருந்தாள், தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. அம்மாவுக்குப் பேர் பேபி, அறுபது வயதிலும் பேபி, அப்பா போய் ஆறு வருஷமாகிறது, போன வருஷம் ஜூனில் நிச்சயம் ஆனபோது அப்பா படத்துக்கு முன்னால் நின்று, ஒரு வழியா முடிச்சுட்டேங்க என்றாள். எதை முடித்தாள்... அந்த அம்மாவிடம்தான் சனிக்கிழமை வந்த ஏசுபாதத்தின் ஏர்மெயிலை இன்னும் காட்டவில்லை. வரும் ஜனவரி இருபது என்று அவர் போன மாதம் எழுதியதும் அம்மா சாமியாரிடம் போய் நாள் குறித்துவிட்டாள், இந்தக் கடிதத்தில் அவர் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். ஜனவரியில் லீவு தரலாம் என்கிறார்கள், உறுதியில்லை, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், நீ எதற்கும் கார்டு போட்டுவிடு, மாற வேண்டியிருந்தால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், திண்டுக்கல் அத்தைக்குப் பாலம் ஏற முடியாது, அவர்களுக்கு மட்டும் எழும்பூரில் இறங்கி டாக்ஸி பிடிக்கச் சொல்லி எழுது, சித்தப்பாவுக்குச் சர்க்கரை, காபி தனியாக, மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. விசேஷம் ஒன்றுமில்லையாம்! மாற்றிக்கொள்ளலாம் என்றால் யார் மாற்றுவது? மஸ்கட்டிலிருந்து ஒரு வரி எழுதினால் போயிற்று, நாற்பத்திரண்டு வீட்டுக்கு மன்னிக்கவும் என்று எழுதுவது அவள், டிக்கெட் ரத்து செய்தவர்களிடம் பேச்சு வாங்குவது அம்மா, மறுபடி ஓலையைக் கேட்டுக்கொண்டு கோயிலில் மூன்று வாரம் தலை குனிந்து உட்கார்வது இரண்டு பேரும். இந்தக் கார்டுகள் பெட்டியில் விழுந்துவிட்டால் விழுந்ததுதான், மூன்றாவது தடவையும் தவறினால் அதற்கப்புறம் இந்தத் தெருவில் நடக்க முடியாது. போடாவிட்டால்? போடாவிட்டால் கல்யாணமே வேண்டாமென்று அவளே சொன்ன மாதிரி, முப்பத்துமூன்று வயதில் யார் அப்படிச் சொல்வார்கள்... யோசிக்காதே, எழுது, இருபத்தொன்பது.

கெட்டவராக இருந்தால் சுலபம். நிச்சயத்துக்கு மறுநாள் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் அவரும் அவளும் நடந்தார்கள், அவர் தங்கை பத்தடி பின்னால் வந்தாள், ஏரியில் தண்ணீர் பாதிக்கு மேல் இல்லை, மழைக்கு அப்புறம் பார்க்கணும் நீங்க, எங்க வீட்டு வாசலிலிருந்தே தெரியும் என்றார், செருப்பு வார் அறுந்து அவள் தடுமாறியபோது குனிந்து பார்த்து, தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலில் வந்தார். அந்த ஒரு காரியத்தை வைத்துக்கொண்டு அவள் பதினான்கு மாதம் ஓட்டிவிட்டாள், வேறு எதுவும் கையில் இல்லை. முதலில் வந்த கடிதங்களில் வெயிலைப் பற்றி, ரூமில் கூட இருக்கும் மலையாளியின் குறட்டையைப் பற்றியெல்லாம் இருக்கும், அவளும் சிரித்துச் சிரித்துப் பதில் எழுதுவாள், அப்புறம் எப்போதிலிருந்தோ கடிதம் முழுக்க விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், அத்தையின் முழங்கால், சித்தப்பாவின் சர்க்கரை, இவளும் அதற்கே பதில் எழுதினாள், இரண்டு பேரும் சேர்ந்து லாட்ஜ் நடத்துகிற மாதிரி. நீ எப்படி இருக்கிறாய் என்று கடைசியாக எப்போது கேட்டார்? அவள் கேட்டாளா? அதுவும் நினைவில்லை, அவளுக்கு அலுப்பாக இருந்தது, அழக்கூட அலுப்பாக இருந்தது.

முப்பத்தேழாவது கார்டில் உப்புத் தண்ணீரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ, மேரிம்மா, மேரிம்மா என்று கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் கனகவல்லி. அருள்மேரியின் செங்கல்பட்டு ஆபீஸில் தண்ணீர் எடுத்து வைத்து, பெருக்கிக்கொண்டிருந்தவள், இரண்டு வருஷம் முன்னால் வேலையை விட்டு அச்சிறுபாக்கத்தில் மகளோடு போய்விட்ட கனகவல்லி, மஞ்சள் சின்னாளம்பட்டுப் புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக, இடுப்பில் துணி சுற்றிய மூட்டையோடு நின்றாள். அருள்மேரிக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. கனகவல்லிக்குக் கடிதம் போகிற விலாசம் கிடையாது, அழைப்பிதழையும் குறிப்பையும் அச்சிறுபாக்கத்திலிருந்து தினம் சீசன் டிக்கெட்டில் வந்துபோகிற பியூன் மாரி கையில் கொடுத்துவிட்டாள், மாரி ஜூனில் காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார், நாற்பத்திரண்டு விலாசம் எழுதிய நோட்டில் கனகவல்லி பேரே இல்லை, தேதி மாறியதைச் சொல்ல ஆளில்லாமல், சொல்லவேண்டும் என்ற நினைவும் இல்லாமல்...

"இன்னா மேரிம்மா, கல்யாணப் பொண்ணு இப்டி நைட்டியோட நிக்கற? நாலரைக்குக் கோயிலாச்சே? நானு கரீக்டா வந்துட்டேன் பாரு, நீ எழுதனத மாரி படிச்சு சொன்னான், அப்படியே மனப்பாடம் பண்ணிகினேன். வண்டலூர்ல மூட்டைய எட்துகினு வாசப்படியாண்ட வந்துட்டேன், பாலம் ஏறி கெழக்கால எறங்கனேன், ஆட்டோக்காரன் சொன்னதுல பாதி கேட்டேன், போம்மான்னுட்டான், பஸ்ல வந்தேன். ஒரு எடத்துலயும் தப்பல!"

உள்ளே வாங்கக்கா என்றாள், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், கனகவல்லி உட்காரவில்லை, மேஜை மேல் பரப்பிய கார்டுகளையும் தோரணம் இல்லாத வாசலையும் பார்த்தாள், குழாயடியில் முப்பது வருஷம் பல பேர் கதையைக் கேட்டவளுக்கு அதற்கு மேல் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் அருள்மேரி சொன்னாள், தேதி மாறிடுச்சுக்கா, உங்களுக்குச் சொல்ல விட்டுப்போச்சு, என் தப்புதான், மன்னிச்சுக்கோங்க. கனகவல்லி அதைக் காதிலேயே வாங்கவில்லை. "மாப்ள வர்லியா? இல்ல, வர மாட்டாரா?" என்று கேட்டாள். அருள்மேரி வாயைத் திறந்தாள், அவருக்கு லீவு... கம்பெனியில்... என்று தொடங்கினாள், நிறுத்தினாள். அம்மா, சாமியார், ஆபீஸ், நாற்பத்திரண்டு வீடு, எல்லோரும் எப்போது என்று கேட்டார்கள், தேதியைச் சொன்னால் போதும், போய்விடுவார்கள், இப்படி ஒருத்தரும் கேட்கவில்லை. "தெரியலக்கா" என்றாள். சொன்னதும்தான் அது உண்மை என்று தெரிந்தது, அறையிலிருந்து அம்மா எழுந்து வருவதும் தெரிந்தது.

அம்மா கூந்தலை முடிந்துகொண்டே, வந்தவளுக்குச் சோறு போடு மேரி, எந்நேரத்துக்கு ரயில் ஏறினாங்களோ என்றாள். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் இருந்தன, ஒரு அப்பளம் பொரிக்கக்கூட வீட்டில் எண்ணெய் போதவில்லை, கல்யாண விருந்துக்கு வந்தவள் பழைய தட்டில் நீட்டாகப் பிசைந்து சாப்பிட்டாள், குயம்பு ஜோரா கீது என்றாள், அருள்மேரி எதிரில் உட்கார்ந்து பரிமாறினாள். எத்தனை மாதமாக வருகிறவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள், வந்தவள் இவள் ஒருத்திதான், எழுத்தே படிக்கத் தெரியாதவள். பீர்க்கன்கரணைக்காரருக்கு யாரும் குறிப்பு எழுத வேண்டாம், எந்தப் பக்கம் இறங்குவது, எந்த பஸ், எந்தச் சந்து, கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துவிடுவார்... கோபமா வந்தது? இல்லை, கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

கை கழுவி வந்து கனகவல்லி மூட்டையை அவிழ்த்தாள், உள்ளே ஒரு எவர்சில்வர் குடம், கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. "மதுராந்தகத்துல வாங்கனது, மாப்ள பேரு எனக்கு வாயில நொழையல, உன் பேர மட்டும் வெட்டச் சொல்லிட்டேன், தப்பா நெனச்சுக்காத" என்றாள். அருள்மேரி, 26-8-91. அம்மா குடத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், தேதியை வேணா பாத்திரக் கடையில குடுத்துத் தேய்க்கச் சொல்லலாமா என்று மெல்லக் கேட்டாள். அம்மா பாவம், எதையாவது சரிசெய்யப் பார்க்கிறாள். "வேணாம்மா, இருக்கட்டும்" என்றாள் அருள்மேரி. சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, அம்மா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குடத்தை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தாள்.

சாயங்கால வண்டிக்குக் கனகவல்லி கிளம்ப வேண்டும், ஸ்டேஷன் வரை நானே வந்து ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லிப் புடவை மாற்ற உள்ளே போன அருள்மேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், நாலரை. நாலு மணி எப்போது போனது? தபால்காரர் சைக்கிளை நிறுத்திப் பெட்டியைத் திறக்கும் சத்தம் இந்த அறை வரை கேட்கும், இன்றைக்குக் கேட்டிருக்கும், கனகவல்லிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முப்பத்தாறு கார்டு முழுசாக, ஒன்று பாதியில், மின்விசிறிக் காற்றுக்கு, கதவிடுக்கில் தெரிந்த மேஜை மேல் ஓரம் தூக்கித் தூக்கி அடங்கின. பதறியிருக்க வேண்டும், ஐயோ என்று தலையில் கை வைத்திருக்க வேண்டும்... நாளைக் காலை ஒன்பது மணிக்கும் எடுப்பார்கள், அதில் போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது, அதுவும் தெரியும். புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள், வெளியே அம்மாவும் கனகவல்லியும் பூ விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் வருத்தம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.