கேக்கில் போடுகிற சாமான்

என்னுடைய கேக்கை இதற்குள் இழுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் மனிசன் அருட்பிரகாசம் சிகரெட்டை விட்டது நல்ல விஷயம். கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொன்னவள் நான். ஆனால் விட்ட கையோடு, லண்டனில் மிச்சம் என்கிற எங்கள் பகுதியின் ட்ராம் ஸ்டொப்புக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் குகதாசனிடம் போய், நுனியில் சிவப்பு வெளிச்சம் எரிகிற மின்சிகரெட் ஒன்றை வாங்கி வந்தார். இது புகையில்லை, ஆவி, உள்ளே இருப்பது உங்கள் மனிசி ஐசிங்குக்குப் போடுகிற அதே கிளிசரின் என்று குகதாசன் சொன்னாராம். இவருக்கு அது வேதவாக்கு. உள்ளே இருந்தது முடிந்ததும், கோயில் பிள்ளைகளின் முதல்நன்மைச் சடங்குக்கு நான் செய்து கொடுக்கிற கேக்குகளுக்காக வாங்கி வைத்திருந்த கிளிசரினை எடுத்து ஊற்றத் தொடங்கிவிட்டார். இவர் போய்க் கேட்டதற்கு, தாராளமாக ஊற்றலாம் என்றாராம் குகதாசன்.

பிறகு இருமல் தொடங்கியது. சிகரெட் காலத்து இருமல் எனக்குப் பழக்கம். இது வேறு. கண் கலங்கி, மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். சாப்பாட்டுச் சாமான் எப்படிக் கெடுதல் செய்யும் என்று எனக்கே பாடம் எடுப்பார்.

சனிக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஐசிங் கல்லாகாமல் இருக்க நான் விடுவது ஒரு கரண்டி, அதையும் சூடாக்குவதில்லை என்றேன். தேங்காய் எண்ணெய் நல்லது என்பதற்காகக் காய்ந்த சட்டிப் புகையை யாராவது நெஞ்சு நிறைய இழுப்பார்களா? இதைச் சூடாக்கி மாதக்கணக்கில் இழுத்தால் என்ன ஆகும் என்று யார் சோதித்துப் பார்த்தது என்றும் கேட்டேன். குகதாசன் மின்சிகரெட் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பாதுகாப்பானது என்று பெரிய எழுத்தில் இருந்தது. யார் சொன்னது என்று எங்கும் இல்லை. சனம் பார்க்கிறது என்று இவர் என் கையைச் சுரண்டினார். பார்க்கட்டுமே.

"அவ்வளவு நல்ல சாமான் எண்டால், நீங்கள் ஒருக்கா இழுத்துக் காட்டுங்கோ," என்றேன்.

குகதாசன் சிரித்தபடி பின்னால் நகர்ந்தார். "ஐயோ அக்கா, எனக்கு ஏலாது. சின்னனிலயிருந்து ஆஸ்மா. என்ர நெஞ்சுக்கு ஒத்துவராது."

அதுவரை என்னை அடக்கிக்கொண்டிருந்த அருட்பிரகாசம் கையிலிருந்த மின்சிகரெட்டைக் கவுண்டரில் வைத்தார்.

"அப்ப என்ர நெஞ்சுக்கு ஒத்துவருமெண்டு ஆர் தம்பி உமக்குச் சொன்னது?"

குகதாசன் எங்களைத் தாண்டி, பின்னால் நின்ற வெள்ளைக்காரரைப் பார்த்து, "யெஸ் பிளீஸ்," என்றார். அந்த ஆள் கண்ணாடிக்குள் இருந்த அதே பெட்டியைக் காட்டினார். குகதாசன் எடுத்துக் கொடுத்தார்.