ரோலருக்குக் கிடைத்த லீவு

ரோலருக்கு லீவு கிடைத்துவிட்டது. சேவுகனுக்குக் கிடைக்கவில்லை. இருவரும் ஒரே நாளில்தான் கேட்டிருந்தார்கள்.

பனிமலை ஓரத்தில் ராணுவத்துக்குச் சாலை போடும் படையில் சேவுகன் ரோலர் மெக்கானிக். சிவகங்கைப் பக்கம் ஊர். தங்கச்சி காளீஸ்வரியின் பிள்ளைக்கு வரும் வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவனை விட்டால் அவளுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது.

“ரோலரு ரொம்ப நாளா ஓடுது. அதுக்கு ஓய்வு குடுக்கணும்னு விதி இருக்கு” என்றார் சுபேதார் தனிஸ்லாஸ். “ஒனக்கு அப்படி ஒண்ணும் இல்ல, கேட்டியா.”

“அது எங்கய்யா போகும்? அதுக்கு ஏது ஊரு?”

“லீவுன்னா ஊரு வேணும்லா மக்கா. அதான் ஒனக்க ஊரைக் குடுத்துட்டேன். நீ என்ன, இப்ப அங்கயா இருக்க?”

அங்கே இல்லைதான்.

ரோலரைப் பயணத்துக்குத் தயார்செய்வது சேவுகன் வேலை. எடைக்காக உருளைக்குள் நிரப்பியிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டான். பேரிங்குக்கு கிரீஸ் வைத்தான். ஒட்டியிருந்த தாரைச் சுரண்டி எடுத்தான். ஒரே ஒரு நட்டைத் தளர்த்திவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும் என்று தோன்றியது. கை கேட்கவில்லை. அது பழக்கதோஷத்தில் நட்டை இன்னும் இறுக்கிவிட்டது. பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த தோட்டைப் பொட்டலமாகக் கட்டி, ரோலரின் டூல் பாக்ஸில் வைத்தான்.

ரோலர் இறக்கத்தில் இறங்கிப் போனது. ரிவர்ஸ் கியர் இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாலை வேலை நிற்கக் கூடாது. ரோலர் வரும்வரை சேவுகன் உருள்வது என்று முடிவானது. படுத்து உருண்டு பார்த்தான். ஒரு ஜல்லிகூட அமுங்கவில்லை.

“எடை பத்தாதுடே” என்றார் சுபேதார். ஹோஸை எடுத்து வந்து அவன் வாயில் வைத்தார். கழுத்துவரை நிரப்பினார். முழங்கையிலும் இடுப்பிலும் கிரீஸ் வைத்தார். அதன்பிறகு சேவுகன் நன்றாகவே உருண்டான்.

ஒரு சங்கடம். சப்பாத்தி மாவு மாதிரி, உருள உருளச் சாலை மெலிந்து நீண்டது. அவனுக்கும் ஊருக்கும் நடுவில்தான் நீண்டது. சிவகங்கை தள்ளிப் போவது அவனுக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. சுபேதார் அதை அவன் காதில் பிடித்தார்.

“வந்துருச்சுண்ணே” என்றாள் காளீஸ்வரி. “அது மடியிலதான் புள்ளய வச்சுக் குத்துனோம். மடி குளுகுளுன்னு இருந்துச்சோ என்னவோ, அழுகவே இல்ல. ஆசாரியே அசந்துட்டாரு.”

“தோடு குடுத்துச்சா?”

“குடுக்காம? மாமன்னா இப்படில்ல இருக்கணும்னு ஊரே பேசுது. ஒங்கள மாதிரி வந்ததும் வராததுமா கிளம்புறேன் கிளம்புறேன்னு நிக்கல. நம்ம வாசல்ல இருந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பள்ளம் மேடெல்லாம் சமமாக்கிருச்சு. இங்கயே இருக்கச் சொல்லிட்டோம்.”

“நான் அடுத்த மாசம் வந்துர்றேன்த்தா.”

மறுமுனையில் அவள் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “அண்ணே” என்றாள்.

“சொல்லுத்தா.”

“ஒங்கள இல்ல. வாசல்ல நிக்கிற அண்ணனச் சாப்புடக் கூப்புட்டேன்.”

போனை சுபேதார் பையில் போட்டுக்கொண்டார்.

“எனக்கு லீவு வேணும்யா” என்றான் சேவுகன்.

“எந்த ஊருக்கு?”

சேவுகன் யோசித்தான். வாய் திறந்தது. சொல்ல ஊர் இல்லை.

சுபேதார் குனிந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். “லீக் ஆகுதுடே” என்றார். கிரீஸ் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி அவன் இரண்டு கண்ணுக்கடியிலும் வைத்து அழுத்தினார். “அழாத மக்கா. எடை கொறஞ்சா ஜல்லி எழும்பிரும்.”

கசிந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

சேவுகன் உருண்டான். ஊர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.