கீர்த்தனை ஒட்டிய தட்டு

என்னிடம் நானூற்றுப் பதினொரு இசைத்தட்டுகள் இருந்தன. எல்லாம் ஓடாத படங்களுடையவை. ஓடிய படத்துத் தட்டை எவன் வேண்டுமானாலும் சேர்ப்பான். சித்தூரில் பஸ் கம்பெனி பார்சல் ஆபீசில் எனக்கு வேலை. பங்காருபாளையத்து மாங்காய்க் கூடைகளிலும் திருப்பதிப் பாத்திர மூட்டைகளிலும் செருகிக்கொண்டு அவை என்னைத் தேடி வரும். அப்படி ஓடாத ஒரு படத்தின் மூன்றாம் ஆட்டத்தில், புரொஜெக்டரே வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. நான் நேரில் பார்த்தேன். இதை நம்பும் ஆள் சித்தூரில் யாரும் இல்லை. நம்பாதவர்களில் முதல் ஆள் என் மகள் தபீதாள்.

ஒரு தட்டு மட்டும் வேறு ஜாதி. 1961இல் வந்த பேய்ப் படம். மதராசில் மூன்று நாள் ஓடிற்று. எங்கள் எல்லைப்பக்கத்து டூரிங் கொட்டகைகளில் மட்டும் அது சாகவே இல்லை. பாலசமுத்திரத்தில் அறுவடை முடிந்ததும் அந்தப் படம் வராவிட்டால் ஜனங்கள் கொட்டகைக்காரனோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதில் கிணற்றடியில் பேய் ஒன்று, வார்த்தையே இல்லாமல், அரை நிமிஷம் ராகம் இழுக்கும். அந்தக் குரல் என் மனைவி ஜெயகுமாரியுடையது.

அவள் மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சர். கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி மதராஸ் போய்ப் பாடிவிட்டு வந்தாள். சினிமா பார்த்தவர்களுக்கே ஆறு மாசம் கோயிலில் திருவிருந்து அப்பம் கிடையாது என்றிருந்த சபை எங்களுடையது. பேயாகப் பாடியவளுக்கு எத்தனை மாசமோ. அதனால் ஒரு கீர்த்தனைத் தட்டின் லேபிளை ஊறவைத்து உரித்து, கஞ்சி தடவி இதன்மேல் ஒட்டினேன். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். 1963இல் காமாலை வந்து போய்விட்டாள். தபீதாளுக்கு அப்போது ஏழு மாசம்.

வருஷத்துக்கு ஒரு முறை, தபீதாள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிக்குப் போயிருக்கும்போது அதைப் போட்டுக் கேட்பேன். அவளுக்கும் ஒருநாள் கேட்கக் கொடுக்க வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். அவளோ வளர வளர பக்தியில் பாஸ்டரையே மிஞ்சினாள். நானும் நாளைக் கடத்தினேன்.

1982 அறுப்புப் பண்டிகைக்கு நான் ஊரில் இல்லை, திருப்பதியில் டியூட்டி. பண்டிகையன்று பூசணிக்காய், கோழி, முட்டை என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சபைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அவற்றை ஏலம் விடுவார்கள். தபீதாள் என் அலமாரியைத் திறந்திருக்கிறாள். சினிமாத் தட்டுகளைத் தொடவில்லை. இருப்பதிலேயே நல்லதை ஆண்டவருக்குக் கொடுப்போம் என்று கீர்த்தனைத் தட்டைக் கொண்டுபோய்ப் படைத்துவிட்டாள்.

திரும்பி வந்து அலமாரி முன் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தக் கீர்த்தனைதான வேணும் நைனா. நானே பாடறேன்" என்றாள். லேபிளில் இருந்ததை மூன்று சரணமும் பாடிக் காட்டினாள்.

யார் ஏலம் எடுத்தது என்று யாருக்கும் நினைவில்லை. கோழி எடுத்தவர்களை மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. நான்கு மாசம் கழித்து, புத்தூர் ரூட்டில் போகும் கண்டக்டர் நாகபூஷணம் ஒரு சேதி சொன்னார். வடமாலபேட்டைக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் நேரத்துக்குத் தினமும் ஒரு பேய் ராகம் இழுக்கிறதாம்.

அன்று மாலையே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே குழாய் ஒலிபெருக்கியில் ஜெயகுமாரி வந்துகொண்டிருந்தாள். நெல் வயல் முழுக்க அவள்தான். பாதிக்கு மேல் கரகரப்பு. வேலை முடிந்த பெண்கள் கை கழுவிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்கள்.

கொட்டகைக்காரர் ஏழுமலை, அறுப்புப் பண்டிகைக்கு மைக் செட் வாடகைக்குக் கொண்டுவந்தவர். தினமும் முதலில் சாமிப் பாட்டு போட வேண்டும், ஒரு மாறுதலுக்கு ஏசு சாமி இருக்கட்டும் என்று ஏலம் எடுத்தாராம். போட்டதும் பேய் வந்தது. ஊரே அடையாளம் கண்டு ஓடிவந்தது. அதோடு அவரும் மாற்றவில்லை. இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்த ஆளிடம் சொன்னேன். உடனே நம்பிவிட்டார்.

"அதான பாத்தேன். படத்துல பேய் வந்தா சிரிக்கிற பொம்பளைங்க, இந்தத் தட்டப் போட்டா கண்ணத் தொடச்சிக்கினு வருவாங்க." ஊசியை எடுத்துவிட்டுத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எடுத்துக்கினு போ சார். இரும்பு ஊசி துன்னுடுச்சி. நாலு வாட்டி பாடும். அதுக்கப்புறம் காத்துதான் வரும்."

மறுநாள் தபீதாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா குரலைக் கேள் என்று சொல்லித் தட்டைப் போட்டேன். அரை நிமிஷம். முறம் நின்றது.

"போன வாரம் மாங்கா கூடையில சிங்கக்குட்டி வந்துச்சின்ன. இன்னிக்கி அம்மாவா" என்றாள். "கேக்க நல்லாதான் கீது. அதுக்குன்னு பேய்ப் பாட்டுல அம்மா பேர இழுக்காத நைனா."

இரண்டாம் முறை போட்டு, கண் டாக்டர் கதையைச் சொன்னேன். மூன்றாம் முறை, ராகம் முடியும் இடத்தில் ஜெயகுமாரி மூச்சிழுப்பதைக் காட்டினேன். பாட்டு வாத்திச்சிகள் அப்படித்தான் இழுப்பார்கள். சத்தியம் செய்வதற்கு வேதாகமத்தை எடுத்தேன்.

"இதுல வேணாம் நைனா" என்று மெல்ல என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள்.

நான்காம் முறை அவளே பக்கத்தில் வந்து, கிராமபோன் குழாய்க்குள் காதை வைத்துக் கேட்டாள். முகத்தில் ஏதோ ஓடிற்று. இன்னொரு வாட்டி போடு என்றாள்.

போட்டேன். ஏழுமலை சொன்னது சரி. காற்றுதான் வந்தது. அவள் முழு அரை நிமிஷமும் அதைக் கேட்டாள். ஐம்பது வருஷமாக நான் சொன்ன பொய்களில் ஒன்றையாவது குறைத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த அறுப்புப் பண்டிகைக்கு அலமாரியைத் திறந்து நின்றாள். அந்தத் தட்டை எடுத்தாள். லேபிள் ஓரம் பெயர்ந்திருந்தது.

"பொய்யோ நெசமோ, இது வீட்லயே இருக்கட்டும்" என்றாள்.

பிறகு அடுப்பங்கரைக்குப் போய், கொஞ்சம் கஞ்சி எடுத்துவந்து, ஓரத்தில் தடவி ஒட்டினாள். காயும்வரை கட்டை விரலை எடுக்கவில்லை.