மூன்றாம் அடியில் நின்ற டிரம்பெட்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1987-இல் ஆவடியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். சவ ஊர்வலம் ஒன்று வந்தது. வெள்ளைத் துணி போர்த்திய பெட்டி, இரண்டு பேர் தூக்கிவிடும் அளவுக்குச் சின்னது. முன்னால் ஏழு பேர் கொண்ட பேண்டு செட். பின்னால் வந்த ஜனங்கள் பழைய ஞானப்பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான்கு அடிப் பாட்டு. டிரம்பெட் முன்னே போக, குரல்கள் அதன் பின்னால் போயின. மூன்றாம் அடி மேலே ஏறுகிற இடத்தில் டிரம்பெட் உடைந்தது. தொண்டை கட்டியவன் யாரையோ கூப்பிட்ட மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அதற்குள் என் பேருந்து வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

அந்த ஆள் ஏன் நிறுத்தினான்? பதினோரு வருடமாக இதே குடைச்சல். பதில் தெரியாததால்தான் கதையாக எழுதுகிறேன்.

(பாட்டின் வார்த்தைகளை எங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதினால் பாடிவிடுவேன். பாடினால் இந்தப் பக்கம் முடியாது.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"வெள்ளானூர் ஏரியின் மேல் சூரியன் மெல்ல" — இத்தோடு நிறுத்திவிட்டேன். அந்தச் சூரியனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"சாவு என்றால் கோதண்டத்துக்கு ஒரு நாள் லீவு" — இதில் என் கெட்டிக்காரத்தனம் பல்லை இளிக்கிறது. வேண்டாம்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளானூர் கோதண்டம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் மண் சலித்தான். கூப்பிட்ட நாளில் ஜம்புலிங்கம் மாஸ்டரின் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதினான். கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம், சாவு என்று எல்லாவற்றுக்கும் போனான். பதினைந்து வயதில் ஜம்புலிங்கம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் சுரம் அல்ல.

"அயக்கூடாது. அவ்ளோதான். அயுதா கீழ் உதடு ஆடும். உதடு ஆடுச்சுன்னா காத்துதான் வரும், சத்தம் வராது. ஊட்டாளுங்க அயுவாங்க, நம்ம ஊதுவோம்."

கோதண்டம் இருபது வருடம் அப்படியே ஊதினான். கிறிஸ்தவர்கள் வீட்டுச் சாவுக்கு என்று செட்டில் ஐந்தாறு பாட்டுகள் உண்டு. அதில் பெட்டியைத் தூக்கும்போது ஊதுவதைப் 'பெட்டிப் பாட்டு' என்பார்கள். அதன் வார்த்தைகள் ஏழு பேரில் ஒருவனுக்கும் தெரியாது. விரல்களுக்கு மட்டும் தெரியும்.

3

கோதண்டத்துக்கும் கன்னியம்மாளுக்கும் ஒரே பெண். பேபி என்று பெயர். நான்கு வயதில், 1986 ஐப்பசி மழையில், ஐந்து நாள் காய்ச்சலில் போனாள்.

அவர்கள் பக்கத்தில் சின்னக் குழந்தை செத்தால் மேளம் கிடையாது. பேண்டு கிடையாது, பாடை கிடையாது, பூ இறைப்பது கிடையாது. அப்பன் கையில் தூக்கிக்கொண்டு போவான், கூட நான்கு பேர் போவார்கள், ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்து குளிப்பார்கள். பெண்கள் வரக்கூடாது. சத்தம் போட்டால் அடுத்த குழந்தையும் அதைக் கேட்டுக்கொண்டு பின்னாலேயே போய்விடும் என்று ஒரு பயம். கோதண்டமும் அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனான். ஊரில் முக்கால்வாசி சாவுக்கு முன்னால் ஊதிக்கொண்டு நடந்தவன், அன்று செருப்புச் சத்தம் மட்டும் கேட்க நடந்தான்.

கன்னியம்மாள் வாசற்படியோடு நின்றுவிட்டாள். அன்று மட்டும் ஒன்று கேட்டாள்.

"இன்னாய்யா, ஒரு சத்தமும் இல்லாமயா போவா?"



4

எட்டு மாதம் கழித்து ஆவடியில் ஒரு குவார்ட்டர்ஸ் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆறு வயதுப் பையன். ஜம்புலிங்கம் மாஸ்டர் முப்பது வருடமாகச் செட்டு நடத்துகிறவர், அவரே தயங்கினார். பையனின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சார், கொயந்தைக்கா பேண்டு?"

"ஆமா மாஸ்டர். பெரியவங்களுக்கு எல்லாரும் பாடுற பாட்டுதான். அவனுக்கும் அதே."

கோதண்டம் இதைப் பக்கத்தில் நின்று கேட்டான். கேட்காமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

பெட்டியைத் தூக்கினார்கள். முதல் அடி சுத்தமாக வந்தது. இரண்டாம் அடியும் வந்தது. பின்னால் அறுபது எழுபது பேர் பாடினார்கள். நல்ல குரல், கெட்ட குரல், சுருதி தெரியாத குரல், மூக்கைச் சிந்திக்கொண்டே பாடுகிற குரல் எல்லாம் அதில் இருந்தன. அத்தனையும் ஒரு சின்னப் பெட்டிக்காக. பேபி எவ்வளவு எடை இருந்தாள் என்பது அவன் கைக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. மூன்றாம் அடிக்கு மூச்சை இழுத்தான். கீழ் உதடு ஆடியது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சத்தம் நின்ற இடத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பாட்டை எடுத்தது.*

* இந்தப் பெண்ணைப் பற்றிப் பிறகு.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கோதண்டம் உண்மையில் இப்படி உடைவானா? அவனுக்கு அந்தச் சாமி தெரியாது, வார்த்தை தெரியாது. வெறும் மெட்டு ஒருவனை இவ்வளவு தூரம் ஆட்டிவைக்குமா?

நான் இந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவள். இப்போது கோயிலுக்குப் போவதில்லை. ஆனாலும் ரயிலில் யாராவது ஒருவர் முதல் அடியை முனகினால் நான்காம் அடி முடியும்வரை என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. ஏனென்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இவை கெட்டிக்காரப் பாட்டுகள் அல்ல. சங்கதி இல்லை, வித்தை இல்லை. மெதுவாகப் போகும், மூச்சு விட இடம் வைத்திருக்கும், மேலே ஏறினால் கட்டாயம் வீட்டுக்குத் திரும்பி வரும். பாடத் தெரியாதவன் பக்கத்துக் குரலுக்குள் ஒளிந்துகொள்ளலாம். அழுதுகொண்டே பாட முடிகிற பாட்டு. ஆனால் அழுதுகொண்டே ஊத முடியாது. கோதண்டம் அந்தக் கூட்டத்திலேயே அழ வழியில்லாத ஒரே ஆளாக

(வாக்கியத்தை முடிக்கவில்லை. பிரசங்கம் ஆகிவிடும். கதைக்குத் திரும்புகிறேன்.)

அதற்குப் பிறகு அந்த மெட்டு அவனை விடவில்லை. மண் சலிக்கும்போதும் குளிக்கும்போதும் முனகினான். "இன்னா படம்யா அது?" என்று கன்னியம்மாள் கேட்டாள். "சர்ச்சு பாட்டு" என்பதோடு விட்டுவிட்டான். அவள் அப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

ஆவணியில் திருவேற்காட்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சாயங்காலம் ஐந்து மணி. சினிமாப் பாட்டாக ஊதிக்கொண்டு போனார்கள். தெருமுனையில் மாப்பிள்ளையின் கார் ஒரு மாட்டுவண்டிக்காக நின்றது. டிரம்காரன் அடியைத் தளர்த்தி, நடை தப்பாமலிருக்க டும்… டும்… என்று சும்மா தட்டிக்கொண்டிருந்தான். பெட்டிக்கு முன்னால் நடக்கிற நடையும் அதுதான். கோதண்டத்தின் விரல்கள் அவனைக் கேட்காமலேயே பெட்டிப் பாட்டை எடுத்தன.

முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. ஆவடியில் வராத உச்சம் இங்கே வந்தது. நான்காம் அடியில் இறங்கி வீட்டுக்கு வந்தான். கண்ணைத் திறந்தபோது தெருவே அமைதியாக இருந்தது. ஆடிக்கொண்டு வந்த பையன்கள் நின்றிருந்தார்கள். ஆரத்தித் தட்டோடு நின்ற பத்மா, பெண்ணின் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா படம் நைனா இது? மன்சு இன்னாவோ பண்ணுது. இன்னொரு தபா ஊதேன்."

ஜம்புலிங்கம் அவன் காலை நறுக்கென்று மிதித்தார்.

6

மறுநாள் ஜம்புலிங்கம் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கண்ணாலத்துல பெட்டிப் பாட்ட ஊதிட்டியேடா! அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எவன்டா பதில் சொல்றது? வாத்தியம் ஒங்கிட்டயே கெடக்கட்டும். எங்கனா போய் ஊது. என் செட்டுக்கு வராத."

அவர் போன பிறகு கன்னியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு இப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது.

"நீ முனகிக்கினு கீறியே, அது சாவுப் பாட்டா?"

"ஆமா."

"கொயந்தைக்கும் ஊதுவாங்களா?"

அவன் ஆவடியைப் பற்றி முதல்முறையாகச் சொன்னான். வெள்ளைப் பெட்டி, அந்த அப்பா சொன்னது, அத்தனை குரல். உதடு ஆடியதையும் சொன்னான்.  அவள் சத்தமே இல்லாமல் சொன்னாள்:

"எவன் ஊட்டுப் புள்ளைக்கோ ஊதுன. எவ கண்ணாலத்துக்கோ ஊதுன. எம்பொண்ணுக்கு இன்னும் ஊதல."

"வயித்துல ஒண்ணு கீது கன்னியம்மா. அதுக்கு எதுனா ஆச்சுன்னா?"

"தெரியும். எனக்கும் பயந்தான். ஆனா அவ எம்மா நாள்யா அங்க சத்தமில்லாம கெடப்பா?"

7

இதற்கு மேல் எழுத முடியாமல் நான்கு நாள் பேனாவை மூடி வைத்தேன். காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் பகுதியில் பொய் சொன்னேன். பேருந்து எதுவும் வரவில்லை. நான் நிறுத்தத்தில் நிற்கவில்லை, பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. பெட்டிக்குள் இருந்தது என் தம்பி எபி. பேண்டு சொல்லிவிட்டது என் அப்பா. மூன்றாம் அடியை எடுத்த பெண் என் அம்மா. எபி போனதிலிருந்து இரண்டு நாளாக வாயில் தண்ணீர்கூட விடாமல், ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தவள், டிரம்பெட் நின்ற இடத்திலிருந்து கரகரத்த குரலில் எடுத்தாள். சுருதி சேரவே இல்லை. எல்லாரும் அவள் பின்னால் போனார்கள். அன்று ராத்திரி அம்மா சாப்பிட்டாள்.

"டிரம்பெட்காரன் குடிச்சிட்டு வந்து கெடுத்துட்டான்" என்று அப்பா இன்றுவரை சொல்கிறார். அவன் குடித்திருக்கவில்லை. டிரம்பெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெட்டியை முன்னே போக விட்டு, எனக்கு இரண்டு அடி முன்னால் நடந்தான், வாடை வரவில்லை. ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான். அவன் உதடு ஆடிக்கொண்டிருந்தது. அவன் பெயரோ ஊரோ எனக்குத் தெரியாது. கோதண்டம், கன்னியம்மாள், வெள்ளானூர், திருவேற்காட்டுக் கல்யாணம் எல்லாம் நான் வைத்தவை.

பேபியும் நான் வைத்தவள்தான். ஒரு உடைந்த சத்தத்துக்குக் காரணம் சொல்ல, முகம் தெரியாத ஒரு ஆளின் வீட்டில் நான்கு வயதுக் குழந்தையைச் சாகடித்திருக்கிறேன். அவனுக்கு அன்று வெறும் பல்வலியாகக்கூட இருந்திருக்கலாம். செய்தது சரியில்லை. ஆனால் செய்தாகிவிட்டது. பேபிக்கு ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது.

8

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரிக்கரை. கோதண்டம் டிரம்பெட்டோடு வந்திருக்கிறான். ஆறு மாத வயிற்றோடு கன்னியம்மாள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். முதல்முறையாக வந்திருப்பதால் இடத்தை அவன்தான் காட்ட வேண்டியிருந்தது.

முடிவு ஒன்று: முழுப் பாட்டையும் ஊதுகிறான். தை மாதம் பெண் குழந்தை பிறக்கிறது, கொழுகொழுவென்று. (காலண்டர் படம். நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: ஊதுகிறான். குழந்தை தங்கவில்லை. "அப்பவே சொன்னமே" என்கிறது ஊர். (இதையும் என் பேனா எழுதும். எழுத விடமாட்டேன். இந்தக் கதையில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் போய்விட்டன.)

முடிவு மூன்று: மூன்றாம் அடியில் உதடு ஆடுகிறது, சத்தம் நிற்கிறது, கன்னியம்மாள் வார்த்தையில்லாமல் எடுத்துப் பாடு

இதை எழுதி, பாதியில் அடித்துவிட்டேன். அது என் அம்மா. அவளைப் பெயர்த்துக்கொண்டு வந்து வேறொருத்தியின் இடத்தில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஒன்று. அன்று தெருவில் எல்லாரும் பாடினார்கள். நான் பாடவில்லை. எனக்கு நான்கு அடியும் மனப்பாடம், எபிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பாடினால் அவன் செத்தது நிஜமாகிவிடும் என்று நினைத்தேன். இன்றுவரை அந்தப் பாட்டை நான் வாய்விட்டுப் பாடியதில்லை. அதனால் இந்த இடத்தில் நான் உதவ மாட்டேன், என்னை நம்ப வேண்டாம்.

கோதண்டம் ஊத ஆரம்பித்துவிட்டான். முதல் அடி ஏரித் தண்ணீரின் மேல் சுத்தமாகப் போகிறது. இரண்டாம் அடியும் போகிறது. எதிர்க்கரையில் துணி துவைக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். கன்னியம்மாள் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் அடிக்கு அவன் மூச்சை இழுக்கிறான்.

நான் இங்கே நின்றுகொள்கிறேன். அவன் உதடு ஆடினால் நீங்கள் எடுங்கள். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை.