மூன்றாவது தட்டல்

இரண்டு முறைதான் தட்டினார் என்று எனக்கு நினைவு. மூன்று என்றாள் நாகஜோதி அக்கா. அவள் அப்போது தெருவில் மழையில் நின்றுகொண்டிருந்தாள். நான் அந்தத் தட்டல் வந்த தரைக்கு மேலேயே இருந்தேன். அதனால் என் நினைவுதான் சரி என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்தால் அது தேய்ந்துபோகிறது. இரண்டா மூன்றா என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதலிலிருந்து சொன்னால்தான் அது புரியும்.

போடி கடைத்தெருவுக்குப் பின்னால் சுந்தர்ராஜ் அண்ணாச்சியின் ஏலக்காய்க் கிடங்கு. அதன் மாடியில் ஒரே அறை. அதுதான் என் ஸ்டுடியோ. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், சுவரெல்லாம் பழைய கம்பளி, யாரோ விற்றுவிட்டுப் போன எட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு. ஆட்டோவில் கட்டிப் போடும் விளம்பரக் குரல், கோயில் பொங்கலுக்குப் பாட்டு, சர்ச் பாடகர் குழுவின் பாட்டு என்று வந்ததைச் செய்துகொண்டிருந்தேன். அக்கா கீழே ஒன்பது வருடமாக ஏலக்காய் பொறுக்குகிறாள். அவள் கேட்டதால்தான் அண்ணாச்சி அந்த அறையை எனக்கு விட்டார்.

பழைய கட்டடம். கருங்கல் சுவர். குறுக்கே இரண்டு தேக்கு உத்திரம், அதன் மேல் கட்டைகள், அதன் மேல் செங்கலும் சுண்ணாம்பும். கீழே பதினொரு பெண்கள் சொளகு என்கிற முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம், முன் உத்திரத்துக்கு நேர் கீழே. பின்பக்கம் காயைத் தரம் பிரிக்கும் மெஷின் சல்லடைகளை உலுக்கிக்கொண்டிருக்கும்.

வந்த புதிதில் ஒருநாள், அறையில் எந்த ஓசை வீங்குகிறது என்று பார்க்க, ஸ்பீக்கரைத் தரையிலேயே வைத்து ஒரு தாழ்ந்த ஓசையை நீளமாக விட்டேன். பாட்டு இல்லை, வெறும் உறுமல். கீழே சொளகில் இருந்த காயெல்லாம் குதித்ததாம். பூமி ஆடுகிறது என்று அத்தனை பேரும் தெருவுக்கு ஓடினார்கள். இருளம்மாள் அத்தை மட்டும் ஒட்டடை அடிக்கும் மூங்கில் கழியை எடுத்து, தலைக்கு மேலே தளத்தில் மூன்று முறை ஓங்கித் தட்டினார். நான் நிறுத்தினேன்.

"மருமகனே!" என்று கீழிருந்தே கத்தினார். "ஒன் பாட்டுல எங்க கொடலு இடம் மாறிப்போச்சுடா. ஒரு பொண்ணப் பாத்து ஒன் கழுத்துல கட்டி விட்டாத்தான் நீ அடங்குவ!"

அவர் எனக்கு உறவு இல்லை. அக்காவோடு பொறுக்குகிறவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். மருமகனே என்று அவர் கூப்பிட்டதால் நான் அத்தை என்றேன். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சத்தம் அதிகமானால் மூன்று தட்டல். மூன்றாவது கேட்டதும் நான் குறைத்துவிட வேண்டும். ஒருநாளும் நான் மீறியதில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது, முன் உத்திரம் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏப்பா அருணு, எங்க தாத்தா கட்டுனது. இத்தன வருசம் ஒரு கீறல் கெடையாது. நீ வந்த ஒரு வருசத்துல பாரு. ஆட்டம் நிக்கணும். இல்ல, இந்த மாசத்தோட காலி பண்ணிரு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு காயைப் பொறுக்கினாள். நான் போனால் அவளுடைய வேலைக்கும் பாதி உயிர்தான் என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்பீக்கரின் அதிர்வு மேஜையில் இறங்கி, மேஜைக் கால் வழியாகத் தரைக்கும் சுவருக்கும் போகிறது. அதை மேஜைக்கு வராமலே நிறுத்த வேண்டும். அதற்கென்று ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கக் கடையில் விற்கும் பேடு ஒரு ஜோடி என் நான்கு மாத வாடகை. நானே செய்வது என்று முடிவு செய்தேன். முதலில் தேங்காய் நார் மெத்தைத் துண்டு. இரண்டு நாளில் அப்பளம் போல ஆகிவிட்டது. பிறகு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு. ஸ்பீக்கர் அதன் மேல் தொட்டில் மாதிரி ஆடியது. கடைசியில் தேனியில் பஸ் சீட் தைக்கிறவரிடம், துண்டு ஃபோம்களை அழுத்திச் செய்த கெட்டி ஃபோம் கிடைத்தது. ரொட்டி அறுக்கும் கத்தியால் கீற்றுகளாக அறுத்தேன். அடியில் லாரி டியூப் ரப்பர், நடுவில் ஃபோம், மேலே வீடு கட்டியவர்கள் மிச்சம் போட்ட டைல்ஸ். பாரம் ஏறியதும் ஃபோம் கால் பங்கு அமுங்க வேண்டும். முழுக்க அமுங்கிவிட்டால் போட்டும் பயனில்லை. அமுங்காமலே நின்றாலும் பயனில்லை. அந்தக் கால் பங்கைப் பிடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆனது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருந்தேன். மேஜை மேல் எவர்சில்வர் மூடி ஒன்றைக் கவிழ்த்து, அதன் நடுவில் ஒரு காய்ந்த ஏலக்காயை வைப்பேன். மேஜை ஆடினால் ஏலக்காய் நடக்கும். சிறு பூச்சி மாதிரி, நின்று நின்று, ஓரத்துக்குப் போய் விழும். பன்னிரண்டாம் நாள் பேடுகளின் மேல் ஸ்பீக்கரை வைத்து, இருப்பதிலேயே கனமான பாட்டைப் போட்டேன். ஏலக்காய் அசையவில்லை.

அண்ணாச்சியை மேலே அழைத்துவந்து காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்பச் சரி," என்றார். முகம் தெளிந்தது. எனக்கும் உடம்பு லேசானது. பாட்டை நிறுத்தினேன்.

அப்போது கீழே மெஷினைப் போட்டார்கள்.

ஏலக்காய் நடந்தது. பாட்டுக்கு என்றும் நடக்காத வேகத்தில் நடந்து, ஓரத்துக்குப் போய், மேஜையில் விழுந்தது.

இருவரும் பார்த்தோம். அண்ணாச்சி அந்தக் காயை எடுத்து, தோலை உரித்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"மெஷினுன்னா ஆடத்தான செய்யும்," என்றார். "கொத்தனார் பாத்துட்டாரு. விரிசல் வெறும் பூச்சுலதானாம்." படியிறங்கிப் போய்விட்டார்.

கட்டடத்தை ஆட்டுவது மெஷின்தான் என்று அன்றே நான் அவர் பின்னால் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அறை எனக்கு நிலைத்துவிட்டது, அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. எனக்கு எப்போதும் பேசாமல் இருப்பது சுலபம். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறையில் உட்காரப் பயமாக இருந்தது. பேடு போட்ட பிறகு ஸ்பீக்கரின் ஆட்டம் போய்விட்டதல்லவா, மிச்சமிருந்த ஆட்டம் எல்லாம் கட்டடத்தினுடையது. உள்ளங்காலில் அது வந்துகொண்டே இருந்தது. படிக்கட்டில் ஏறும்போது சுவரைத் தொடாமல் ஏறினேன்.

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், கரண்ட் போனது. மெஷின் நின்றது. என் யூபிஎஸ் மட்டும் கீச்சிட்டது. ஸ்பீக்கரில் எதுவும் இல்லை. தெருவில் வண்டி இல்லை. மூடியின் மேல் இருந்த ஏலக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு அரைச் சுற்று சுற்றி நின்றது.

மூச்சை அடக்கிக்கொண்டேன். சுவருக்குள் எதுவோ முறிகிற மாதிரி, மெல்ல, ஒரு சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி அதே சத்தம்.

கீழே ஓடினேன். மங்கிய வெளிச்சத்தில் பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மேலே விரிசல் விரல் நுழையும் அகலத்துக்கு வந்திருந்தது. அத்தை சொளகைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"வா மருமகனே. மேல என்ன ஆட்டம் ஆடுற? காய்ல பூராம் மண்ணு."

"நான் ஒண்ணும் போடல அத்தை. உத்திரம் எறங்குது. எல்லாரும் வெளிய வாங்க."

"இந்த மழையில எங்கன வெளிய?" என்றாள் ஒருத்தி. "ஒன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி பாட்டு எடுக்கப் போறியா?"

சிரித்தார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறினாள்.

"ஏலே, மானத்த வாங்காத. அண்ணாச்சி ஏலத்துக்குப் போயிருக்காக. வரவும் சொல்லுவோம். மத்தியானம் லோடு போகணும்."

"அதுக்குள்ள விழுந்துரும்க்கா."

"கொத்தனார் சொன்னாகல்ல, பூச்சுன்னு? நீ பெரிய இன்ஜினியரா? போ மேல."

என் குரல் நடுங்கியது, அதுவே அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. பேசிப் பழகாதவன் கத்தினால் யார் நம்புவார்கள்? அப்போதுதான் சொளகில் காய் குதித்த அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. அன்று அவர்கள் யாரையும் நான் கூப்பிடவில்லை. தாமாகவே ஓடினார்கள்.

மேலே போனேன். யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். இரண்டு ஸ்பீக்கரையும் பேடுகளிலிருந்து தூக்கித் தரையில் வைத்தேன். கட்டடம் தாங்காமல் முறிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தே, அதை நான் உலுக்கப் போகிறேன். ஆனால் அவர்களை வெளியே கொண்டுவர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாழ்ந்த ஓசையை முழுச் சத்தத்தில் விட்டேன்.

தரை உறுமியது. கீழே கூச்சல். பக்கச் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். எண்ணினேன். அக்கா ஆறாவதாக வந்தாள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

பதினொன்று வரவில்லை.

காலுக்கு அடியில் ஒரு தட்டல்.

யார் என்று தெரியும். எங்கே நின்று தட்டுவார் என்றும் தெரியும். நிறுத்தினால் அவர் அங்கேயே உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார். மற்றவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் அங்கேயே நின்று தட்டிக்கொண்டிருப்பார். "அத்தை, வெளிய ஓடுங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தட்டல் வந்தது. மவுஸின் மேல் கை இருந்தது. மூன்றாவது வரட்டும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அல்லது மூன்றாவது வந்த பிறகும் நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த இடம்தான் எனக்குத் தெரியவில்லை.

பிறகு அறையின் முன்பாதி கீழே போனது. பெரிய சத்தம் என்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது சத்தம் நின்றதுதான். ஸ்பீக்கர் இரண்டும் போய்விட்டன. என் நாற்காலிக்கு இரண்டடி முன்னால் தரை முடிந்து, அதற்கு அப்பால் சுண்ணாம்புத் தூசியும் ஏலக்காய் வாசமும் எழும்பின. படிக்கட்டும் அந்தப் பக்கம் இருந்ததால் இறங்க வழியில்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கீழே யாரோ "இருளம்மா, இருளம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

உத்திரத்தின் நுனி சுவருக்குள் ஈரத்தில் உளுத்துப்போயிருந்தது என்று பார்க்க வந்த இன்ஜினியர் சொன்னார். மழையும் மெஷினும் போதும், இரண்டொரு நாளில் தானே விழுந்திருக்கும் என்றார். என் ஓசையால் விழுந்ததா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

அன்று இரவு அக்கா எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிடவில்லை. "ரெண்டு தட்டுதான கேட்டுச்சு?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், "மூணு," என்றாள்.

இருளம்மாள் அத்தை அங்கேயே இறந்துவிட்டார். கழி அவர் கையில்தான் இருந்தது. அவர் மகன் தேவாரத்தில் இருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. அண்ணாச்சி மேல் வழக்கு நடக்கிறது. அவர் கிடங்கைப் புதிய பஸ் நிலையத்துப் பக்கம் மாற்றிவிட்டார், அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. மற்றப் பத்துப் பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஏழு பேர் அண்ணாச்சியிடமே பொறுக்குகிறார்கள், மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அந்த மூவரில் அக்காவும் ஒருத்தி. என்னோடு எல்லாம் பேசுகிறாள், அந்த நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நான் தேனியில் ஒரு போட்டோ கடையில் கல்யாண வீடியோக்களுக்குச் சத்தம் சேர்க்கிறேன், ஹெட்போனில். பேடுகள் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.