அங்கிட்டு நின்றவர்

செபமாலைக்கு ஊர் ஊராகச் சைக்கிளில் போய் அம்மை குத்துவது உத்தியோகம். குளத்தூர் தாலுகாவில் அவர் கால் படாத ஊர் கிடையாது. அவருடைய தொப்பியைத் தெருமுனையில் கண்டதுமே பிள்ளைகள் வைக்கோற்போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். அதனாலோ என்னவோ, ஆள் அரவமில்லாத இடங்களில்தான் அவருக்கு மனசு நின்றது. 1954இல், மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி தம்முடைய பழைய பெட்டிக் கேமராவை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஊசி வேலை முடிந்த கையோடு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பாறைப் பக்கமும் கண்மாய்ப் பக்கமும் கிளம்பிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். கேட்க ஆளில்லை.

ஒரு சுருளில் பன்னிரண்டு படம். சுருள் திருச்சியிலிருந்து வரவேண்டும், கழுவவும் அங்கேதான் அனுப்பவேண்டும். ஒரு படம் வீணானால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

குடுமியான்மலைக்குக் கிழக்கே, கண்மாய்த் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. ஐப்பசியில் ஒருநாள் அங்கே மண்டியிட்டு, கேமராவின் கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் கூடியிருந்தது. வெளிச்சம் போய்விடும். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்குள் பத்துப் பதினைந்து ஆடுகள் வந்தன. பின்னாலேயே தலைப்பாகை கட்டிய ஓர் ஆள்.

"ஏப்பா! தள்ளிப் போ! அந்தப் பாறைக்கு அங்கிட்டுப் போ!"

அந்த ஆள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான். செபமாலை படத்தை எடுத்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் அவன் தலையை மட்டும் நீட்டினான்.

"விழுந்திருச்சுங்களா?"

அவன்தான் இருளாண்டி. அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். அதன்பிறகு ஆறு வருஷம், செபமாலை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவன் கூடவே இருந்தான். நரிக்குட்டிகள் எந்தப் புடையிலிருந்து வெயில் காய வெளியே வரும், நாரை எந்தக் கருவேல மரத்தில் குஞ்சு பொரித்திருக்கிறது, கீரி எந்த வரப்பில் குறுக்கே ஓடும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. கேமராவில் வெயில் நேரே விழுந்தால் சைக்கிளில் கட்டியிருக்கும் குடையை அவிழ்த்து நிழல் பிடிப்பான். கூலி என்று எதையும் வாங்கமாட்டான். வெற்றிலை கொடுத்தால் வாங்கிக்கொள்வான்.

செபமாலை நடவுப் படமும் எடுத்தார், சந்தைக்குப் போகும் வண்டிகளையும் எடுத்தார். எல்லாமே எட்ட இருந்து எடுத்தவை. நடவுப் பெண்கள் வயலில் புள்ளி புள்ளியாய் ஒரே வரிசையில் தெரிவார்கள். அவருக்கு வேண்டியிருந்தது அந்த வரிசைதான். ஒரு முகத்தைக்கூட அவர் கிட்டப் போய் எடுத்ததில்லை.

மலை தண்ணீரில் தெரிந்த அந்த முதல் படத்துக்கு 1957இல் புதுக்கோட்டைப் பொருட்காட்சியில் பரிசு கிடைத்தது. செய்தியைச் சொன்னபோது இருளாண்டி வாய்கொள்ளாமல் சிரித்தான்.

1960 பங்குனியில் செபமாலைக்கு நார்த்தாமலைத் திருவிழாவில் காலரா ஊசி போடும் டூட்டி. அது முடிந்ததும் வேறு பக்கம் போட்டுவிட்டார்கள். சித்திரைக் கடைசியில்தான் குடுமியான்மலைப் பக்கம் வர முடிந்தது. பொட்டலில் ஆடுகள் மேய்ந்தன. ஆனால் கோலோடு நின்றவன் கருப்பன், இருளாண்டியின் மச்சினன்.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும்," என்றான் கருப்பன். "வயித்துவலின்னு துடிச்சான். வண்டி கட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூணாம் நாள் போயிட்டானுங்க."

செபமாலை சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வீடு அரை மைல்தான். போய்த் துக்கம் விசாரித்திருக்க வேண்டும். என்ன சொல்வதென்று தெரியாமல் வந்த வழியே திரும்பிவிட்டார்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து அவர் குளத்தூர் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"நான் சந்தனம்ங்க. இருளாண்டி பொஞ்சாதி."

அவர் அவசரமாக நாற்காலியை எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. செம்பில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அவரு படம் ஒண்ணு வேணுங்க. பொறக்குற புள்ளைக்கு அப்பன் மூஞ்சியைக் காட்டணும்ல. எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல."

"அவனை நான்... தனியா எடுத்ததில்லையேம்மா," என்றார் செபமாலை.

"தனியா வேணாங்க. பரிசு வாங்குன படம் இருக்குல்ல, அது போதும். பொருட்காட்சிக்கு என்னையக் கூட்டிட்டுப் போயிக் காமிச்சாரு. சட்டைய வெளுத்துப் போட்டுக்கிட்டு வந்தாரு. படத்துக்கு முன்னாடி நின்னு, இந்தச் சட்டத்துக்கு அங்கிட்டுத்தான் புள்ளே நான் குந்தியிருக்கேன்னு வெரல வச்சுக் காட்டுனாரு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "படத்தப் பெரிசாக் கழுவலாம்னு சொல்றாங்களேங்க. அப்படிப் பெரிசாக் கழுவுனா, அங்கிட்டு இருக்குறவரும் வருவாருல்ல?"

பொருட்காட்சிக்கு அவர்கள் வந்தது செபமாலைக்குத் தெரியவே தெரியாது.

"வரமாட்டான்மா," என்றார். "கேமரா பாத்தது அம்புட்டுத்தான். அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் விழாது. நான்தான் அவனைத் தள்ளிப் போகச் சொன்னேன். அன்னைக்கு மட்டுமில்ல, எப்பவும்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு நன்றாயிருந்திருக்கும்.

"தெரியுங்க. ஐயா படத்துல ஆடும் ஆளும் குறுக்க வராமப் பாத்துக்கிறது என் பொறுப்புன்னு பெருமையாச் சொல்லுவாரு," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். "இருந்தாலும் தேடிப் பாருங்க. எங்கிட்டாச்சும் ஒரு ஓரமா இருப்பாரு."

அன்றிலிருந்து பதினைந்து நாள் செபமாலை தேடினார். பிஸ்கட் டின்னில் கிடந்த ஃபிலிம் துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மலை, தண்ணீர், நாரை, மறுபடி மலை. எவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறோம் என்று ஒரு காலத்தில் பெருமைப்பட்டவை. இப்போது ஒவ்வொன்றும் துடைத்து வைத்த வெறும் வீடு மாதிரி இருந்தது.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. கண்மாய்த் தண்ணீர் வழியும் கலிங்குச் சுவரின்மேல் ஆடுகள் வரிசையாகப் போகின்றன. கோடியில், தோளில் கோலோடு, பாதி திரும்பிய ஓர் ஆள். நெல்மணி அளவு. செபமாலை ஃபிலிமை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மறுநாளே லீவு போட்டுத் திருச்சிக்குப் போனார். ஸ்டூடியோக்காரர் உதட்டைப் பிதுக்கினார். முகம் தெளியாது, புள்ளி புள்ளியாய்த்தான் வரும் என்றார். "வர்ற மட்டும் வரட்டும், போடுங்க," என்று செபமாலை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வந்த படத்துக்குச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டார்.

ஆவணி பிறந்ததும், பிள்ளை பிறந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, படத்தைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். சந்தனம் பச்சைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். கருப்பன் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தான்.

அவள் படத்தை வாங்கி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவரு இல்லீங்க," என்றாள் மெதுவாக. "இது எங்கண்ணன்."

கருப்பன் எட்டிப் பார்த்தான். "ஆமாங்க, நான்தான். எனக்குத்தான் எடக்கைப் பழக்கம். இந்தா, கோலு எடது தோள்ல இருக்கு பாருங்க. அன்னைக்கு ஆட்ட என்கிட்ட விட்டுட்டு, அவன் ஒங்க பக்கத்துல கொடை புடிச்சுக்கிட்டு நின்னானே. மறந்துட்டீங்களா?"

செபமாலைக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. நல்ல வெயில். கேமராவின்மேல் விழுந்த நிழல், காதுக்குப் பக்கத்தில் கேட்ட மூச்சு. திரும்பினால் தொடும் தூரத்தில் நின்றிருக்கிறான். அவர் திரும்பவில்லை.

"திருப்பிக் குடும்மா," என்று கையை நீட்டினார்.

"இருக்கட்டுங்க." அவள் கொடுக்கவில்லை. "ஆடு அவரு ஆடுதானே. இந்தக் காதறுந்தது, இந்தச் செவலைக் கெடா, எல்லாம் அவரு வளத்ததுங்க." சட்டத்தைத் திண்டில் சாய்த்து வைத்துவிட்டு, குழந்தையின் முகத்திலிருந்த துணியை விலக்கினாள். பெண் குழந்தை. கண்ணை இறுக்கி மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆறு வருசம் அவரோட சுத்துனவுக நீங்க. எங்கண்ணன் என் சாயல்ங்கிறான். எங்க மதினி அவரு சாயல்ங்கிறா. நீங்க சொல்லுங்கய்யா, யாரு சாயல்?"

செபமாலை குனிந்து பார்த்தார். குழந்தையின் நெற்றியையும் மூக்கையும் பார்த்துக்கொண்டே, இருளாண்டியின் முகத்தை மனசுக்குள் கூப்பிட்டார். வெடித்த பாதங்கள் வந்தன. வெற்றிலைக் காவி ஏறிய விரல்கள் வந்தன. குரல் அப்படியே வந்தது. முகம் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை.

சந்தனம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனேதான்மா," என்றார் செபமாலை. "உரிச்சு வச்ச மாதிரி இருக்கு."

"நான் சொல்லல?" என்று அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் சிரித்தாள். செபமாலை சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, அவள் கூப்பிட்டுக் கொடுத்த மோரைத் திண்டிலேயே வைத்துவிட்டு, வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.